முதலில் தண்ணீர், அப்புறம் தட்டு

வாசகர் கேள்வி: எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். ஃப்ளோரைடு லிட்டருக்கு 2.8 மில்லிகிராம் என்று வந்திருக்கிறது. 9 வயது மகளுக்கு முன்பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் உள்ளன. மகனுக்கு 2 வயது முடிந்துவிட்டது. மாமியாருக்கு 66 வயது. காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் இறுகிப்போகிறது, முதுகும் வலிக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்த உணவும் மாத்திரையும் ஃப்ளோரைடு நஞ்சிலிருந்து காக்கும் என்று படித்தேன். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, மஞ்சளிலிருந்து எடுத்த குர்குமின் கேப்ஸ்யூல் மூன்றையும் வாங்கி ஒரு மாதமாக எல்லோருக்கும் கொடுக்கிறேன். கணவர் ஒரு நாளைக்கு ஆறேழு முறை பால் சேர்க்காத டீ குடிப்பார். அதிலும் ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறதே என்று நானும் தொடங்கிவிட்டேன். இதையெல்லாம் எடுத்துக்கொண்டால் இந்தத் தண்ணீரையே தொடர்ந்து குடிக்கலாமா? மகள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள். அந்தக் கறை போகுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

குடிக்க வேண்டாம். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், இதை மட்டும் இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். அந்தத் தண்ணீரில் குளிக்கலாம், துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வேறு தண்ணீர் வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் கேப்ஸ்யூல்களையும் இன்றே எடுத்து வைத்துவிடுங்கள்.

நீங்கள் படித்தது பொய் இல்லை. ஆன்டிஆக்ஸிடன்ட்டுகள் ஃப்ளோரைடு செய்யும் சேதத்தில் ஒரு பகுதியைக் குறைக்கின்றன என்பதற்கு ஆய்வுக்கூட ஆதாரம் நிறையவே இருக்கிறது. ஆனால் அது எந்தப் பகுதி என்பதைப் புரிந்துகொண்டால்தான் மாத்திரை எங்கே நிற்கும், தண்ணீர் எங்கே நிற்கும் என்பது தெரியும்.

நாம் குடிக்கும் ஃப்ளோரைடில் பெரும்பகுதி வயிற்றிலும் சிறுகுடலிலும் உறிஞ்சப்பட்டு ரத்தத்துக்குப் போய்விடுகிறது. பெரியவர்களின் உடலில் அதில் ஏறத்தாழ பாதி சிறுநீரில் வெளியேறும், மீதி எலும்பில் தங்கும். வளரும் குழந்தையின் உடல் இன்னும் அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடலில் தங்கிய ஃப்ளோரைடில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கும். அங்கே அது கால்சியப் படிகத்துக்குள் நுழைந்து படிகத்தின் அமைப்பையே மாற்றுகிறது. இது ஒரு பாதை.

இரண்டாவது பாதை செல்களுக்குள் நடப்பது. ரத்தச் சர்க்கரை பார்க்க ஊசியில் எடுத்த ரத்தத்தை ஊற்றும் குழாய்களில் பலவற்றில் சோடியம் ஃப்ளோரைடு போட்டிருப்பார்கள். குழாய்க்குள் இருக்கும் ரத்தச் செல்கள் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடாமல் இருக்கத்தான் அது. சர்க்கரையை உடைக்கும் ஈனோலேஸ் என்ற நொதியை ஃப்ளோரைடு முடக்கிவிடுகிறது. அளவு மீறினால் உடலுக்குள்ளும் இப்படிப் பல நொதிகளோடு அது மோதுகிறது. செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியா தடுமாறி, செல்லைத் தாக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் என்ற மூலக்கூறுகள் அதிகமாகக் கிளம்புகின்றன. அவற்றை அடக்க உடலே வைத்திருக்கும் குளுட்டாதயோன், கேட்டலேஸ், சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மியூடேஸ் போன்ற காவலர்களும் பலமிழக்கிறார்கள். செல்லின் கொழுப்புச் சுவர் அரிக்கப்படுகிறது.

வைட்டமின் சி, வைட்டமின் ஈ, குர்குமின், குவெர்சிடின், செலினியம் எல்லாம் உதவிக்கு வருவது இந்த இரண்டாவது பாதையில் மட்டும்தான். அவை ஃப்ரீ ராடிக்கல்களைத் தணிக்கும். ஃப்ளோரைடைப் பிடித்துக் கட்டி வெளியே கொண்டுபோகாது. எலும்பில் ஏறிய ஃப்ளோரைடை இறக்காது. உருவாகிக்கொண்டிருக்கும் பல்லின் கடினமான மேலுறையான எனாமலைக் காப்பாற்றும் என்று சொல்லவும் மனிதர்களிடம் போதிய ஆதாரம் கிடையாது.

அந்த ஆய்வுகள் எப்படி நடக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவை எலி, சுண்டெலி ஆய்வுகள். குடிநீரில் லிட்டருக்கு 50, 100 மில்லிகிராம் என்ற அளவில் ஃப்ளோரைடைக் கலந்து கொடுப்பார்கள். எலியின் ரத்தத்தில் மனிதர்களுக்குச் சமமான அளவை எட்ட, தண்ணீரில் பல மடங்கு கூட்டித்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் அந்த எண்ணைப் பார்த்து மட்டும் ஆய்வை ஒதுக்கிவிட மாட்டேன். என் தயக்கம் வேறு. ஃப்ளோரைடு தொடங்கும் அதே நாளிலோ அதற்கு முன்போ ஆன்டிஆக்ஸிடன்ட்டையும் கொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். சில வாரங்களில் ஆய்வு முடிந்துவிடும். கல்லீரல், சிறுநீரகம், மூளைத் திசுவில் அரிப்பின் அடையாளங்கள் குறைந்திருக்கின்றனவா என்று பார்ப்பார்கள், குறைந்தும் இருக்கும். ஆனால் உங்கள் மாமியார் குடித்திருப்பது சில வாரங்கள் அல்ல, பல ஆண்டுகள். குர்குமினுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: வாயால் எடுத்தால் அதில் மிகக் கொஞ்சம்தான் ரத்தத்துக்குப் போகிறது.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் மிகக் குறைவு. 1996இல் வெளியான ஓர் ஆய்வில், லிட்டருக்கு 4.5 மில்லிகிராம் ஃப்ளோரைடு உள்ள தண்ணீரைக் குடித்த 25 குழந்தைகளுக்குக் கால்சியம், வைட்டமின் டி, வைட்டமின் சி மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்னேற்றம் தெரிந்தது. நம்பிக்கை தரும் ஆய்வுதான், ஆனால் 25 குழந்தைகளை வைத்து ஊருக்கே மருந்து எழுத முடியாது. அதோடு மூன்றையும் ஒன்றாகக் கொடுத்ததால் பலன் எதனால் வந்தது என்று பிரிக்கவும் முடியாது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், புளியைச் சேர்த்துச் சாப்பிட்ட சிறுவர்களின் சிறுநீரில் ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறியதை 2002இல் பதிவு செய்தார்கள். அது வெளியேற்றத்தின் கதை, ஆன்டிஆக்ஸிடன்ட்டின் கதை அல்ல. உள்ளே வருவது நிற்காமல் வெளியேற்றத்தை மட்டும் கூட்டினால் கணக்கு நேராகுமா?

சரி, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் 1984இலிருந்து வைத்திருக்கும் அளவு. உங்களுடையது கிட்டத்தட்ட அதன் இரு மடங்கு. குடிப்பது, சமையலில் சேர்வது எல்லாம் சேர்த்துப் பெரியவர் ஒருவருக்கு நாளைக்கு 3 லிட்டர் என்று வைத்தால் 8.4 மில்லிகிராம் ஆகிறது. ஒரு நாளைக்கு மொத்தம் 6 மில்லிகிராமுக்கு மேல் போனாலே எலும்பில் பாதிப்பு கூடுவதற்கான அறிகுறிகள் இருப்பதாகவும், 14 மில்லிகிராமில் அது தெளிவாகத் தெரிவதாகவும் அதே நிறுவனம் 2002இல் மதிப்பிட்டது. நீங்கள் இடையில் நிற்கிறீர்கள்.

இதில் உங்கள் கணவரின் டீயைக் கூட்டவில்லை. தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃப்ளோரைடை இழுத்து இலையில் சேர்த்து வைக்கும் செடி. முற்றிய இலையில் அது இன்னும் அதிகம். நல்ல தண்ணீரில் போட்ட டீயிலேயே லிட்டருக்கு 1 மில்லிகிராமிலிருந்து 4, 5 மில்லிகிராம் வரை இருக்கக்கூடும். உங்கள் வீட்டில் அது 2.8க்கு மேல் போய்ச் சேர்கிறது. அமெரிக்காவில் 47 வயதுப் பெண் ஒருவர் 17 ஆண்டுகளாக நாள்தோறும் 100 முதல் 150 டீ பைகளைப் போட்டுக் குடித்து எலும்பில் ஃப்ளோரைடு மிகுந்து வரும் ஃப்ளோரோசிஸ் நோய்க்கு ஆளானதை 2013இல் மருத்துவ இதழ் ஒன்று வெளியிட்டது. அது எல்லை மீறிய அளவுதான். ஆனால் அந்த டீயிலும் ஆன்டிஆக்ஸிடன்ட் இருந்தது என்பதை மட்டும் கவனியுங்கள். கணவருக்கு நல்ல தண்ணீரில் ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும். நீங்கள் மருந்தாக நினைத்துத் தொடங்கிய டீயை விட்டுவிடுங்கள்.

எனக்கு அதிகக் கவலை உங்கள் மகனைப் பற்றித்தான். பின்னால் முளைக்கப்போகும் நிரந்தர முன்பற்களின் எனாமல் ஈறுக்குள்ளே உருவாகும் காலத்தில், ஒன்றேகால் வயது முதல் இரண்டரை வயது வரை மிகவும் எளிதில் பாதிக்கப்படும் பருவம் என்று கருதப்படுகிறது. அவன் அதற்குள் இருக்கிறான். 12 கிலோ எடையுள்ள பிள்ளை முக்கால் லிட்டர் குடித்தால் 2.1 மில்லிகிராம் போகிறது. அந்த வயதுக்கு உச்சவரம்பாகப் பல காலமாக வைத்திருக்கும் அளவு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம், அதாவது அவனுக்கு 1.2. ஒரு முறை பழுது வந்த பிறகு உணவால் திருத்த முடியாத இடம் எனாமல். அதனால் வீடு முழுவதற்கும் ஏற்பாடு செய்யப் பத்து நாள் ஆகுமென்றால், அந்தப் பத்து நாளும் அவனுக்கு மட்டுமாவது பாட்டில் தண்ணீரோ, சுத்தமாகப் பிடித்த மழைநீரோ கொடுங்கள். மழைநீரில் ஃப்ளோரைடு பெயரளவுக்குத்தான் இருக்கும், காய்ச்சி ஆறவைத்துக் கொடுக்கலாம்.

காய்ச்சுவதைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலரும் இதில் ஏமாறுகிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும். புற ஊதா விளக்கு வைத்த கருவியும் சாதாரணக் கரி ஃபில்டரும் இதற்குப் பயன்படாது. ஆர்.ஓ. கருவி நன்றாக வேலை செய்யும். ஆக்டிவேட்டட் அலுமினா ஃபில்டரும் செய்யும், ஆனால் அதன் பிடிக்கும் திறன் தீர்ந்ததும் புதுப்பிக்க வேண்டும். தீர்ந்துவிட்டது என்பது கண்ணுக்குத் தெரியாது. எதை வாங்கினாலும் வடிந்து வரும் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் கொடுங்கள். சோறும் பருப்பும் தாம் வேகும் தண்ணீரைக் குடித்துவிடும், ஆகவே சமையலுக்கும் அதே நல்ல தண்ணீர்தான்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உணவு ஆலோசகராகத் தொழிலுக்கு வந்த புதிதில், மூட்டு இறுக்கத்தோடு வந்த ஒருவருக்கு அழகான உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். பழம், கீரை, கொட்டை வகை எல்லாம் இருந்தன. எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று நான் கேட்கவே இல்லை. அவர் ஒரு வருடத்துக்கு மேல் என் பட்டியலைச் சரியாகப் பின்பற்றினார், அந்தத் தண்ணீரையும் குடித்தார். அந்த ஒரு வருடத்தை நான் மறக்கவில்லை.

இனி தட்டுக்கு வருவோம். தட்டில் முதலிடம் நான் கால்சியத்துக்குத்தான் கொடுப்பேன். ஃப்ளோரைடு கால்சியத்தைக் குடலிலேயே சந்தித்தால், எளிதில் கரையாத கால்சியம் ஃப்ளோரைடாக மாறி, உறிஞ்சப்படாமல் ஒரு பங்கு மலத்தோடு போய்விடும். வெறும் வயிற்றில் எடுத்த சோடியம் ஃப்ளோரைடு கிட்டத்தட்ட முழுவதும் உறிஞ்சப்படும்போது, பாலோடு எடுத்தால் 70 சதவீதமாகவும், கால்சியம் நிறைந்த காலை உணவோடு எடுத்தால் 60 சதவீதமாகவும் குறைந்தது என்று 1979இலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். அதனால் பாலோ தயிரோ சாப்பாட்டோடு சேர்ந்தே இருக்கட்டும், மூன்று வேளையிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கட்டும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு எள், கீரை, முள்ளோடு சாப்பிடும் சிறு மீன். கால்சியம் குறைந்த உடலில் ஃப்ளோரைடு எவ்வளவு கொடுமையாக நடந்துகொள்ளும் என்பதை 1973இல் இந்திய ஆய்வாளர்கள் விவரித்தார்கள்: ஃப்ளோரைடு மிகுந்த பகுதியில், முழங்கால்கள் உள்நோக்கி வளைந்து எலும்பு மெலிந்த இளம் வயதினர். ஆர்.ஓ. தண்ணீரில் தாது உப்புகளும் குறைந்துவிடும் என்பதால் உங்கள் வீட்டில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். உடலில் கால்சியம் சேர வைட்டமின் டியும் வேண்டும், மாமியாருக்கு அதை ரத்தத்தில் ஒரு முறை அளந்துவிடலாம்.

அப்புறம்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். அதையும் உணவாகத்தான் சொல்வேன். ஒரு கொய்யாப் பழமோ இரண்டு ஆரஞ்சோ ஒரு நாளைக்குத் தேவையான 75, 90 மில்லிகிராம் வைட்டமின் சியைத் தந்துவிடும். கொட்டைகளும் விதைகளும் வைட்டமின் ஈ தரும். கேரட், தக்காளி, அடர்பச்சைக் கீரை, வெங்காயம், முட்டை, பருப்பு என்று நிறம் நிறமாக மாறி மாறி வந்தால் போதும். மஞ்சளைச் சமையலில் போடுங்கள், கேப்ஸ்யூலில் வேண்டாம். புரதம் குறையக் கூடாது. உடல் குளுட்டாதயோனைத் தானே தயாரித்துக்கொள்ளும், அதற்குக் கச்சாப்பொருள் புரதம்தான்.

மாத்திரை ஏன் வேண்டாம் என்கிறேன்? கெடுதல் இல்லாத காப்பு என்று நினைத்துத்தானே வாங்கினீர்கள். 1990களில், புகைபிடிப்பவர்களைக் காக்க பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்துப் பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகளில் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியது. வைட்டமின் ஈ மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுத்த ஆண்களுக்கு புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்ததை 2011இல் கண்டார்கள். வைட்டமின் சி மாத்திரையை அதிக அளவில் எடுத்தால் சிறுநீரகக் கல் வர வாய்ப்பு உண்டு. குர்குமின் கேப்ஸ்யூலால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். பழத்திலும் கீரையிலும் இருந்து வரும்போது இந்தப் பயம் இல்லை. மாமியார் ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மருந்து சாப்பிடுகிறார் என்றால், வைட்டமின் ஈயையும் குர்குமினையும் இன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், ரத்தக்கசிவு கூடலாம்.

மாமியாரின் கழுத்து இறுக்கத்துக்கு ஃப்ளோரைடுதான் காரணம் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். 66 வயதில் தேய்மானமும் இப்படித்தான் இருக்கும். மருத்துவரிடம் தண்ணீர் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். முன்கை, இடுப்பு, முதுகெலும்பு எக்ஸ்ரேயில் எலும்பு அடர்ந்திருக்கிறதா, முன்கையின் இரு எலும்புகளுக்கு நடுவில் உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று அவர் பார்ப்பார். சிறுநீரில் ஃப்ளோரைடு அளவும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினை ரத்தத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ஃப்ளோரைடு வெளியேறாமல் தங்கும். அப்படியானால் அவருக்கு எவ்வளவு பால், எவ்வளவு பழம் என்பதையே நான் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

நல்ல தண்ணீருக்கு மாறினால் சிறுநீரில் ஃப்ளோரைடு சில நாட்களிலேயே குறையத் தொடங்கும். எலும்பு மெதுவாகத்தான் விடும், ஆண்டுக்கணக்கில். கிரையோலைட் என்ற ஃப்ளோரைடு கனிமத்தின் தூசியில் வேலை செய்து எலும்பு பாதிக்கப்பட்ட கோபன்ஹேகன் தொழிலாளர்களை 1930களில் காய் ரோஹோம் என்ற மருத்துவர் விரிவாக ஆராய்ந்தார். பிற்காலத்தில் அத்தகைய தொழிலாளர்கள் சிலரின் எக்ஸ்ரேயில், வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்து, எலும்பின் அடர்த்தி ஓரளவு குறைந்திருந்தது. 66 வயதில் மாறி என்ன பயன் என்று மாமியார் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பற்பசையை நிறுத்திவிடாதீர்கள். அளவான ஃப்ளோரைடு பல்லின் மேல்பரப்பில் பட்டால் சொத்தையைத் தடுக்கும், அது நல்லதுதான். மகனுக்கு ஓர் அரிசி அளவு பசை, நீங்களே தேய்த்துவிடுங்கள், விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் பசையில் 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு இருக்கக்கூடும்.

கடைசியாக உங்கள் மகள். முளைத்துவிட்ட பல்லின் கறையை எந்தப் பழமும் எந்த மாத்திரையும் போக்காது. பல் மருத்துவரால் முடியும். வெளிர் திட்டுகளையும் பழுப்புக் கோட்டையும் மிக மெல்லிய அடுக்காகத் தேய்த்து எடுக்கும் முறை இருக்கிறது, வெண்மையாக்கும் சிகிச்சை இருக்கிறது, திட்டுக்குள் ரெசின் ஊறவைத்து நிறத்தைச் சமன் செய்யும் முறையும் இருக்கிறது. பல்லின் மேல் ஓடு போல ஒட்டும் வெனீர் மட்டும் இப்போது வேண்டாம், அவள் வளர்ந்து முடிக்கட்டும். குழந்தைப் பல் மருத்துவரிடம் இந்த மாதமே ஒரு முறை காட்டுங்கள்.

அவள் சரியாகப் பல் தேய்க்காததால் வந்த கறை இல்லை இது என்று அவளிடம் சொல்லிவிடுங்கள், இந்த வயதுப் பிள்ளைகள் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் ஃப்ரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் 1901இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்தபோது பிள்ளைகளின் பல்லில் இதே பழுப்புக் கறையைப் பார்த்தார். அந்தப் பற்களில் சொத்தை குறைவாக இருந்ததையும் அவர்தான் கவனித்தார். 1920களில் ஐடஹோ மாநிலத்தின் ஓக்லி என்ற சிற்றூரில், புதிய ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் கறை வந்தது என்று பெற்றோர்கள் அவரிடம் சொன்னார்கள். ஃப்ளோரைடுதான் காரணம் என்று 1931 வரை யாருக்கும் தெரியாது. ஆனாலும் அந்தத் தண்ணீரை விட்டுவிடுங்கள் என்று அவர் சொன்னார், அவர்களும் மாற்றினார்கள். சில ஆண்டுகளில் அந்த ஊரின் சின்னப் பிள்ளைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன. உங்கள் மகனுக்கும் நிரந்தரப் பற்கள் எல்லாம் இனிதான் முளைக்க வேண்டும். மாமியாரின் ரிப்போர்ட்டுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள், அவருக்கான உணவுப் பட்டியலைத் தனியாக எழுதி அனுப்புகிறேன்.